தண்ணீரும் அந்திப்பொழுதும்: பழைய இஸ்ரவேலர் தீட்டைக் கழித்த விதம்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: வேதாகமத்தின் மூன்றாம் நூலான லேவியராகமத்தில் பக்கத்துக்குப் பக்கம் யாராவது ஒருவர் துணி தோய்க்கிறார், குளிக்கிறார், அல்லது அவர்மேல் தண்ணீர் தெளிக்கப்படுகிறது, இது பாவத்தைக் கழுவும் சடங்கா, அல்லது நோய் பரவாமல் தடுக்க அந்தக் காலத்தில் செய்துகொண்ட சுகாதார ஏற்பாடா? இரண்டு விளக்கங்களும் பரவலாகச் சொல்லப்படுபவைதான். பிரசங்க மேடையில் முதலாவதும், படித்தவர்கள் பேச்சில் இரண்டாவதும் அதிகம் காதில் விழும். மூல நூலை வரிவரியாக வாசித்துப் பார்த்தால் இரண்டுமே நிற்பதில்லை.

தமிழ் வேதாகமத்தில் லேவியராகமம் 15ஆம் அதிகாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்கலாம்: “தன் வஸ்திரங்களைத் தோய்த்து, தண்ணீரில் முழுகி, சாயங்காலமட்டும் தீட்டுப்பட்டிருப்பானாக.” இதில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் மனிதன் செய்வது. மூன்றாவது அவன் செய்ய முடியாதது. காலையில் தீட்டுப்பட்டவன் உடனே குளித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் அழுக்கில்லை, உடுத்தியிருப்பது தோய்த்து உலர்ந்த துணி. ஆனாலும் பொழுது சாயும்வரை அவன் தீட்டுள்ளவன்தான். தண்ணீர் ஒன்றே அவனைச் சுத்தமாக்கிவிடும் என்றால் இந்தக் காத்திருப்புக்கு வேலையே இல்லை. இஸ்ரவேலரின் நாள் சூரியன் மறையும்போது தொடங்குவது. ஆகவே குளித்தவன் அடுத்த நாளுக்குள் நுழையும்போதுதான் சுத்தமுள்ளவனாக நுழைகிறான். தண்ணீர் பாதி வேலையைச் செய்கிறது, மீதியைப் பொழுது செய்கிறது. இந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அதற்குமுன் ‘தீட்டு’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எபிரெயத்தில் ‘டாமே’ என்றிருப்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘தீட்டு’ என்றும், ‘டாஹோர்’ என்பதைச் ‘சுத்தம்’ என்றும் தந்தார்கள். வேறு பொருத்தமான சொல் தமிழில் கிடைத்திருக்காது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சொல் நம் ஊரில் ஒரு கனத்தைச் சுமந்துகொண்டு வருகிறது: சிலர் பிறப்பாலேயே தீட்டு, சிலர் பிறப்பாலேயே சுத்தம் என்ற பழக்கத்தை அது நினைவூட்டிவிடுகிறது. லேவியராகமத்தில் அப்படி யாரும் பிறப்பதில்லை. தீட்டு அங்கே ஒரு நிலை, வரும், கழியும். பிள்ளைபெற்றவள், மாதவிலக்கான பெண், விந்து கழிந்த ஆண், பிரமியமுள்ளவன் (பிறப்புறுப்பில் ஒழுக்கு நோயுள்ளவன்), தோல்நோய் கண்டவன், செத்த மிருகத்தைத் தொட்டவன், பிணத்தைத் தொட்டவன் என எல்லோரும் அதற்குள் வந்து போகிறார்கள். முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் வம்சத்தில் வந்த ஆசாரியனுக்கும் இதே நிலை வரும். அவன் அந்த நாளில் தன் பங்கான பரிசுத்த உணவைச் சாப்பிடக்கூடாது. மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரிக்கும் கருவியாக அந்த நூல் இதைப் பயன்படுத்தவில்லை. ‘தீட்டு’ என்று வாசிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்தாவிட்டால் பாதி அர்த்தம் தவறிவிடும்.

இனி முதல் விளக்கத்துக்கு வருவோம். தீட்டு பாவமாக இருந்தால், பிள்ளை பெறுவது பாவமாகிவிடும். “பலுகிப் பெருகுங்கள்” என்று கட்டளையிட்ட அதே தெய்வம், ஆண்பிள்ளை பெற்றவள் ஏழு நாளும் பின்பு முப்பத்துமூன்று நாளும், பெண்பிள்ளை பெற்றவள் பதினான்கு நாளும் பின்பு அறுபத்தாறு நாளும் சுத்திகரிப்பின் நாட்களை நிறைவேற்ற வேண்டும் என்கிறது (லேவி. 12). தகப்பனையும் தாயையும் அடக்கம்பண்ணுவது பிள்ளைகளின் கடமை, சாதாரண நேரத்தில் பிணத்தருகே போகக்கூடாத ஆசாரியனுக்கும் நெருங்கிய உறவினரின் சாவில் அதற்கு அனுமதி உண்டு (லேவி. 21:1–3). கடமையைச் செய்தவனுக்குத் தீட்டு வருகிறது, குற்றம் வருவதில்லை. குற்றம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. தீட்டோடு பரிசுத்த ஸ்தலத்தை நெருங்குவதும், கழித்துக்கொள்ள வழியிருந்தும் கழித்துக்கொள்ளாமல் விடுவதும்தான் அக்கிரமம் (லேவி. 15:31, 17:16, எண். 19:20). மறுபக்கத்தில், கொலைக்கோ விபசாரத்துக்கோ விக்கிரக வணக்கத்துக்கோ தோராவில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களில், எந்தக் குளியலும் சொல்லப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சிந்தப்பட்ட இரத்தம் தேசத்தையே தீட்டுப்படுத்தும் என்று எண்ணாகமம் 35 சொல்கிறது. அதற்குப் பரிகாரம் தண்ணீரில் இல்லை. எதைக் கழுவலாம், எதைக் கழுவ முடியாது என்பதில் அந்த நூலுக்குத் தெளிவு இருந்தது.

சுகாதார விளக்கத்தைச் சாய்க்க ஒரே ஒரு சிறு பகுதி போதும். செத்துப்போன பல்லியோ எலியோ மண்பாத்திரத்துக்குள் விழுந்தால் அந்தப் பாத்திரத்தை உடைக்க வேண்டும், அதிலிருந்த தண்ணீரும் தீட்டு. ஆனால் அதே எலி நீரூற்றிலோ தண்ணீர் தேங்கிய கிணற்றிலோ விழுந்தால் அந்த ஊற்றும் கிணறும் சுத்தமாகவே இருக்கும் (லேவி. 11:33–36). கிருமியைப் பற்றிக் கவலைப்படுகிறவர் எழுதியிருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். காய்ந்த விதைமேல் அந்தச் செத்த பிராணி விழுந்தால் பாதகமில்லை, நனைந்த விதைமேல் விழுந்தால் தீட்டு என்றும் அங்கேயே இருக்கிறது. மலஜலம் கழிப்பது தீட்டை உண்டாக்குவதில்லை. பாளயத்துக்கு, அதாவது கூடார முகாமுக்கு, வெளியே போய் மண்ணால் மூட வேண்டும் என்று உபாகமம் 23 சொல்கிறதே தவிர, அதற்குக் குளியலோ சாயங்காலக் காத்திருப்போ விதிக்கவில்லை. சுத்தமாக இருப்பதால் உடம்புக்கு நன்மை கிடைத்திருக்கலாம், யாரும் மறுக்கப்போவதில்லை. அதற்காக அந்தச் சட்டம் எழுதப்பட்டது என்று சொல்வதற்குத்தான் இடமில்லை.

அப்படியானால் அந்தப் பட்டியலை இணைக்கும் கயிறு எது? லேவியராகமத்துக்கு மிகப் பெரிய உரை எழுதிய யாக்கோபு மில்க்ரோம், சாவுதான் அந்தக் கயிறு என்றார். பிணம் சாவே. இரத்தமும் விந்தும் உயிரின் சரக்கு. அவை உடலைவிட்டு ஒழுகும்போது உயிர் கொஞ்சம் குறைகிறது. தோல் வெளுத்து உதிரும் நோய் கண்ட தன் சகோதரி மிரியாமைப் பார்த்து, அவள் செத்துப் பிறந்த பிள்ளையைப்போல் ஆகிவிடக்கூடாதே என்று ஆரோன் மன்றாடுகிறான் (எண். 12:12). உயிரின் ஊற்றான தெய்வம் நடுவில் குடியிருக்கும்போது, சாவின் வாடை ஒட்டிக்கொண்டவர் அந்த வாடை போகும்வரை சற்று ஒதுங்கி நிற்கிறார். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் வேறு பக்கத்திலிருந்து வந்தார்: எல்லை குலைவதும் முழுமை கெடுவதும்தான் தீட்டு என்பது அவர் வாதத்தின் சாரம். என் மதிப்பில், 12 முதல் 15 வரையுள்ள அதிகாரங்களுக்கு மில்க்ரோமின் விளக்கம் கூடுதலாகப் பொருந்துகிறது. பெண்பிள்ளைக்கு நாட்கள் ஏன் இரட்டிப்பாகின்றன என்ற கேள்விக்கு அதுவும் முழுப் பதில் தரவில்லை.

சுற்றியிருந்த நாடுகளிலும் கழுவுதல் இருந்தது. எகிப்தின் பூசாரிகள் பகலில் இரண்டு முறையும் இரவில் இரண்டு முறையும் குளிர்ந்த நீரில் குளித்தார்கள், ஒன்றுவிட்டு ஒரு நாள் உடம்பு முழுவதும் சிரைத்துக்கொண்டார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதிவைத்தார். மெசொப்பொத்தாமியாவில் தீட்டும் பேய்களும் அடுத்தடுத்து நின்றன. மந்திரம் ஓதித் தண்ணீர் தெளித்துப் பேயை விரட்டுவார்கள். லேவியராகமத்தில் தண்ணீரின்மேல் எந்த மந்திரமும் ஓதப்படுவதில்லை. தீட்டுக்கு அங்கே முகமோ பெயரோ விருப்பமோ இல்லை. அது பிடித்து ஆட்டும் சக்தி அல்ல, ஒட்டிக்கொள்ளும் நிலை. தீட்டுள்ளவன் குளிக்கும்போது வாய்திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

கழுவுதல் என்ற ஒரே சொல்லுக்குள் உண்மையில் பல செயல்கள் இருக்கின்றன. எபிரெயத்தில் உடம்பைக் கழுவுவதற்கு ‘ராஹட்ஸ்’ என்ற வினை. துணியை மிதித்து அடித்து வெளுப்பதற்குக் ‘கிப்பேஸ்’ என்ற வேறு வினை. நம் மொழிபெயர்ப்பு ‘தோய்த்து’ என்றும் ‘முழுகி’ என்றும் இவற்றைப் பிரித்துக் காட்டியது நல்லதே. ஆனால் ‘முழுகி’ என்பதில் ஒரு சிறு சிக்கல் உண்டு: ‘ராஹட்ஸ்’ முழுகத்தான் வேண்டும் என்று சொல்வதில்லை, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும் அது ராஹட்ஸ்தான். தலைவரை அமிழும் வழக்கம் பிற்காலத்தில் உறுதிப்பட்டது. மொழிபெயர்ப்பு அந்தப் பிற்கால வழக்கத்தின் வழியாக வாசித்திருக்கிறது. குஷ்டரோகம் கண்ட சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதையில் இந்த வேறுபாடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஏழுதரம் ஸ்நானம்பண்ணு என்று தீர்க்கதரிசி எலிசா சொல்லியனுப்பும்போது மூலத்தில் ‘ராஹட்ஸ்’, அவன் யோர்தானில் இறங்கி ஏழுதரம் முழுகும்போது ‘தாவல்’, அதாவது அமிழ்தல் (2 இராஜா. 5:10, 14).

தண்ணீரிலும் தரம் உண்டு. பெரும்பாலான தீட்டுக்கு எந்தத் தண்ணீரும் போதும். பிரமியம் நின்றவன் மட்டும் ‘மயிம் ஹய்யிம்’ என்ற உயிருள்ள தண்ணீரில், அதாவது ஓடுகிற ஊற்றுநீரில் குளிக்க வேண்டும். தோல்நோயிலிருந்து தேறியவனுக்கும் பிணத்தீட்டுக்கும் தெளிக்கிற தண்ணீரும் ஊற்றுநீரே. தீட்டு எவ்வளவுக்குச் சாவை ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு உயிருள்ள தண்ணீர் தேவைப்படுகிறது என்று நான் வாசிக்கிறேன்.

அந்தத் தோல்நோய்ச் சடங்கைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். மொழிபெயர்ப்பில் ‘குஷ்டரோகம்’ என்றிருக்கிறது. ஆனால் அந்தச் ‘ட்ஸாராஅத்’ துணியிலும் வீட்டுச் சுவரிலும் கூடக் காணப்படும் என்று அதே அதிகாரங்கள் சொல்வதால், அது இன்று நாம் சொல்லும் தொழுநோய் அல்ல என்பது தெளிவு. நோயாளி பாளயத்துக்கு வெளியே இருக்கிறான். ஆசாரியன் அவனைத் தேடி வெளியே போகிறான். நோய் ஏற்கெனவே ஆறியிருக்க வேண்டும்; ஆசாரியன் வைத்தியன் அல்ல, ஆறியதைப் பார்த்துச் சொல்கிறவன். இரண்டு குருவிகள், கேதுருக் கட்டை, சிவப்புநூல், ஈசோப்புச் செடி கொண்டுவரப்படுகின்றன. மண்பாத்திரத்தில் ஊற்றுநீர் இருக்கிறது; அதன்மேல் ஒரு குருவியைக் கொல்லுகிறார்கள், இரத்தம் தண்ணீரோடு கலக்கிறது. உயிரோடிருக்கும் குருவியையும் கட்டையையும் நூலையும் ஈசோப்பையும் அதில் தோய்த்து, தேறியவன்மேல் ஏழுதரம் தெளித்துவிட்டு, அந்தக் குருவியை வெளியில் பறக்க விட்டுவிடுகிறார்கள். சாவின் இரத்தத்தில் நனைந்த சிறகோடு அது உயிரோடு போகிறது.

ஆனால் அவன் இன்னும் வீட்டுக்குள் போக முடியாது. துணி தோய்த்து, மயிர் முழுவதும் சிரைத்து, குளித்துப் பாளயத்துக்குள் வருகிறான். தன் கூடாரத்துக்கு வெளியே ஏழு நாள் தங்குகிறான். ஏழாம் நாள் தலை, தாடி, புருவம் எல்லாம் மறுபடி சிரைத்து, மறுபடி தோய்த்து, மறுபடி குளிக்கிறான். எட்டாம் நாள் ஆட்டுக்குட்டிகளோடு வாசலில் நிற்கிறான். ஏழையானால் ஒரு குட்டியும் இரண்டு காட்டுப்புறாவோ புறாக்குஞ்சோ போதும். ஆசாரியன் பலியின் இரத்தத்தை அவனுடைய வலது காதின் மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது காலின் பெருவிரலிலும் பூசுகிறான், அதன்மேல் எண்ணெய். இதே மூன்று இடங்களில்தான் ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் ஆசாரியப் பட்டம் தரும் நாளில் இரத்தம் பூசப்பட்டது (லேவி. 8). பாளயத்துக்கு வெளியே ‘தீட்டு, தீட்டு’ என்று கூவிக்கொண்டிருந்தவனை உள்ளே அழைக்க, பிரதான ஆசாரியனுக்குச் செய்ததையே செய்கிறார்கள். இப்படி ஒரு படியில் ஒரு குளியல் என்று, வெளியிலிருந்து பாளயத்துக்கு, பாளயத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து பலிபீடத்துக்கு அவன் படிப்படியாக நகர்கிறான். கழுவுதல் என்பது ஓர் எல்லையைத் தாண்டுவதற்கான அனுமதி என்று சொன்னால் மிகையாகாது.

ஆசாரியர்களின் கழுவுதலும் எல்லையில்தான் நடக்கிறது. வனாந்தரத்தில் ஆலயமாக இருந்த ஆசரிப்புக் கூடாரத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே ஒரு வெண்கலத் தொட்டி, உள்ளே போகும்போதும் பலிபீடத்தை நெருங்கும்போதும் அவர்கள் கைகால்களைக் கழுவ வேண்டும், “சாகாதபடிக்கு” (யாத். 30:17–21). இது தீட்டைக் கழிக்கும் குளியல் அல்ல, ஏற்கெனவே சுத்தமாயிருப்பவர்கள் வேலைக்கு முன் செய்வது. ஆசாரிய உடைகளின் நீண்ட பட்டியலில் காலணி இல்லாததைக் கவனித்தால், வெறுங்காலோடு நடந்தவர்கள் காலையும் கழுவியது ஏன் என்று விளங்கும். அந்தத் தொட்டி, வாசலில் ஊழியம் செய்த பெண்களின் கண்ணாடிகளை உருக்கிச் செய்யப்பட்டது என்று யாத்திராகமம் 38:8 போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது. மெருகேற்றிய வெண்கலத்தில் முகம் பார்த்த காலம் அது.

சாலொமோன் தேவாலயத்தில் தொட்டி ‘கடல்’ ஆகிவிட்டது. விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், உயரம் ஐந்து முழம், பன்னிரண்டு வெண்கலக் காளைகளின் முதுகில், திசைக்கு மூன்றாக. ஒன்று இராஜாக்கள் இரண்டாயிரம் குடம் என்கிறது, இரண்டு நாளாகமம் மூவாயிரம் என்கிறது; குறைந்த கணக்கை எடுத்து, ஒரு குடத்தைச் சுமார் 22 லிட்டராகக் கொண்டாலும் 44,000 லிட்டர் வரும். ஆசாரியர்கள் கழுவிக்கொள்வதற்கு என்கிறது நாளாகமம். அவ்வளவு உயரத்தில் இருந்ததில் எப்படிக் கழுவினார்கள் என்று நூல் விளக்கவில்லை. ஆகாஸ் ராஜா காளைகளை எடுத்துவிட்டுக் கடலைக் கல்தளத்தில் வைத்தான்; பிறகு பாபிலோனியர் எருசலேமை அழித்தபோது அதை உடைத்து வெண்கலமாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் ஆளைச் சுத்தமாக்கினால், ஆலயத்தைச் சுத்தமாக்குவது எது? இரத்தம். தமிழில் ‘பாவநிவாரண பலி’ என்று வரும் ‘ஹத்தாத்’ உண்மையில் சுத்திகரிப்புப் பலி என்பது மில்க்ரோமின் இன்னொரு முக்கியமான வாதம். அதன் இரத்தம் பலி கொண்டுவந்தவன்மேல் பூசப்படுவதில்லை. பலிபீடத்தின் கொம்புகளில் பூசப்படுகிறது. ஜனங்களின் தீட்டும் மீறுதல்களும் தூரத்திலிருந்தே பரிசுத்த ஸ்தலத்தில் படிந்துவிடுகின்றன. வருடத்துக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியன் அந்தப் படிவை இரத்தத்தால் துடைக்கிறான். அன்று அவன் மெல்லிய சணல் உடை தரிக்குமுன் குளிக்கிறான், அதைக் கழற்றிய பின்னும் குளிக்கிறான் (லேவி. 16:4, 24). பாபிலோனியர் அழித்தபின் மறுபடி கட்டப்பட்ட இரண்டாம் ஆலயத்தின் கடைசிக் காலத்து வழக்கத்தை நினைவுகூரும் மிஷ்னா என்ற யூத விதித்தொகுப்பு, அந்த ஒரே நாளில் ஐந்து முழுக்கு, பத்துமுறை கைகால் கழுவுதல் என்று கணக்கிடுகிறது. உள்ளே போவதற்கு மட்டுமல்ல, பரிசுத்தத்திலிருந்து வெளியே வருவதற்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

பிணத்தீட்டுக்கு மட்டும் வெறும் தண்ணீர் போதாது. எண்ணாகமம் 19இன் படி, நுகத்தடி படாத, பழுதற்ற சிவப்புக் கிடாரி ஒன்றைப் பாளயத்துக்கு வெளியே கொன்று, தோல், மாம்சம், இரத்தம், சாணி எல்லாவற்றையும் கேதுரு, ஈசோப்பு, சிவப்புநூலோடு சுட்டெரிக்கிறார்கள். அந்தச் சாம்பலில் கொஞ்சம் எடுத்து ஊற்றுநீரில் கலந்தால் அதுவே தீட்டுக்கழிக்கும் ஜலம். பிணத்தைத் தொட்டவன்மேல் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்க வேண்டும்; ஏழாம் நாள் அவன் தோய்த்து முழுகி, சாயங்காலத்தில் சுத்தமாவான். புதிர் என்னவென்றால், கிடாரியை எரித்தவனும் சாம்பலை வாரினவனும் அதனாலேயே தீட்டுப்பட்டுச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். தீட்டுள்ளவனைச் சுத்தமாக்குவது, சுத்தமானவனைத் தீட்டாக்குகிறது.

இந்தச் சாம்பலைக் கலக்க எவ்வளவு கவனம் எடுத்தார்கள் என்பதற்கு மிஷ்னாவின் ‘பாரா’ பகுதி ஒரு காட்சியைத் தருகிறது. எருசலேமில் பாறைமேல் முற்றங்கள் கட்டப்பட்டிருந்தன. ஆழத்தில் தெரியாத கல்லறை இருந்துவிட்டால் அதன் தீட்டு மேலே ஏறிவிடாதபடி அடியில் குடைந்த வெற்றிடம். கர்ப்பிணிகள் அங்கே வந்து பிள்ளை பெற்று, அங்கேயே வளர்ப்பார்கள். ஆக, வாழ்நாளில் ஒரு கல்லறையின்மேலும் கால் வைக்காத பிள்ளைகள். நாள் வரும்போது காளைகளின் முதுகில் கதவுகளைக் கிடத்தி, அவற்றின்மேல் அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, கையில் கற்கிண்ணம் கொடுத்துச் சீலோவாம் குளத்துக்கு அனுப்புவார்கள். அவர்கள் இறங்கித் தண்ணீர் மொண்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். கிண்ணம் கல்லாக இருந்ததற்குக் காரணம், கல் தீட்டை ஏற்காது என்ற விதி. இது அப்படியே நடந்த வரலாறா, நினைவில் மெருகேறியதா என்று வாதிக்கலாம். ஆனால் எருசலேமில் அகழ்ந்தெடுத்த முதல் நூற்றாண்டு வீடுகளில் மென்சுண்ணக்கல்லில் கடைந்த கிண்ணங்களும் பெரிய சாடிகளும் ஏராளமாகக் கிடைத்தன. கானா ஊர்க் கலியாணத்தில் யோவான் சுவிசேஷம் காட்டும் ஆறு கற்சாடிகள் அந்த வகைதான்.

பெண்களைப் பற்றி ஒரு நுட்பம் இருக்கிறது. மாதவிலக்கான பெண்ணின் படுக்கையைத் தொட்டவன் குளிக்க வேண்டும் என்று லேவியராகமம் 15 வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தப் பெண் ஏழு நாள் முடிவில் குளிக்க வேண்டும் என்று அதே அதிகாரம் எங்கும் எழுதவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று விட்டிருக்கலாம். தாவீது ராஜா கண்ட பத்சேபாள் குளித்துக்கொண்டிருந்ததையும், அவள் தன் தீட்டைச் சுத்திகரித்திருந்தாள் என்பதையும் இரண்டு சாமுவேல் 11 சொல்வதால், வழக்கம் இருந்ததென்று கொள்ளலாம். இன்று யூதப் பெண்கள் பின்பற்றும் மிக்வே (சடங்குக் குளம்) குளியல் நேராக எழுதப்பட்ட கட்டளையிலிருந்து வந்தது அல்ல, வாசிப்பிலிருந்தும் வழக்கத்திலிருந்தும் வளர்ந்தது.

பாவத்தைக் கழுவுவது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். தீர்க்கதரிசிகளும் சங்கீதக்காரரும் சடங்கின் மொழியைக் கடன் வாங்கினார்கள். “நீர் என்னை ஈசோப்பினால் சுத்திகரியும்” என்ற 51ஆம் சங்கீதத்தில் “என்னைக் கழுவியருளும்” என்றிருக்கும் இடத்து வினை, உடம்பைக் குளிப்பாட்டும் ‘ராஹட்ஸ்’ அல்ல. துணி வெளுக்கும் ‘கிப்பேஸ்’. என்னை அழுக்குத் துணியைப்போல் மிதித்து வெளுத்துவிடும் என்று அவர் கேட்கிறார். சலவைத்துறையின் சொல் அது. எரேமியாவோ எதிர்ப்பக்கத்தில் நின்று, உவர்மண்ணும் சவுக்காரமும் எவ்வளவு போட்டுக் கழுவினாலும் உன் அக்கிரமத்தின் கறை போகாது என்கிறார் (எரே. 2:22); அங்கேயும் அதே வெளுக்கும் வினைதான். “உங்களைக் கழுவிச் சுத்திகரியுங்கள்” என்ற ஏசாயா உடனே விதவைக்கும் திக்கற்றவனுக்கும் நியாயம் செய்வதைப் பற்றிப் பேசுகிறார். இவை உருவகங்கள். உருவகத்துக்கு வலு இருந்ததே, கேட்டவர்கள் எல்லோரும் அன்றாடம் உண்மையாகவே துணி தோய்த்துப் பொழுது சாயக் காத்திருந்ததால்தான்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு மேல் யூதேயாவின் மண்ணில் ஒரு புதிய வடிவம் தோன்றுகிறது: பாறையில் வெட்டி, சாந்து பூசி, அடிவரை படிகள் இறங்கும் குளங்கள். எருசலேமில் பணக்கார வீடுகளின் கீழ்த்தளத்திலும், ஆலயமலையின் தெற்குச் சரிவிலும், சாக்கடலோரக் கும்ரானிலும், மசாதாக் கோட்டையிலும், கலிலேயாவின் ஊர்களிலும் பல நூறு கிடைத்திருக்கின்றன. சிலவற்றின் படிக்கட்டில் நடுவே தாழ்ந்த ஒரு பிரிவு ஓடுகிறது. தீட்டோடு இறங்கியவர் சுத்தமாகி ஏறும்போது அதே தடத்தில் கால்படாமலிருக்க அப்படி வகுத்தார்கள் என்பது பலர் ஏற்கும் விளக்கம். யூத வேத அறிஞர்களான ரபீக்களின் விதிப்படி அதில் நாற்பது சேயா அளவு தண்ணீர் தானாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். மழையோ ஊற்றோ கொண்டுவந்ததாக இருக்க வேண்டும், மனிதன் குடத்தில் மொண்டு ஊற்றியதாக இருக்கக்கூடாது. லேவியராகமத்தில் தீட்டாகாத அந்தக் கிணற்றைக் குறித்த ‘தண்ணீர் கூடுமிடம்’ என்ற சொற்றொடரிலிருந்துதான் ‘மிக்வே’ என்ற பெயரே வந்தது.

தண்ணீருக்கு எவ்வளவு தூரம் வல்லமை உண்டு என்ற விவாதமும் அந்தக் காலத்தில் சூடாக இருந்தது. மனந்திரும்ப மறுக்கிறவனை எந்தக் கடலும் ஆறும் சுத்தமாக்காது என்று கும்ரான் சமூகத்தின் ஒழுங்குச் சுருள் எழுதியது. யோவான் ஸ்நானகனைப் பற்றி முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதும்போதும், ஆத்துமா நீதியினால் முன்பே சுத்தமாயிருக்க, உடலின் சுத்திகரிப்புக்காகவே அவர் முழுக்குக் கொடுத்தார் என்று விளக்குகிறார். யோவானின் முழுக்கு பாவமன்னிப்புக்கானது என்று மாற்கு சுவிசேஷம் சொல்வதோடு இதை ஒப்பிட்டால், ஒரே ஆற்றங்கரையை இரண்டு பேர் எவ்வளவு வேறாகப் பார்த்தார்கள் என்பது தெரியும். யூதருக்குள் இரு பிரிவினரான பரிசேயருக்கும் சதுசேயருக்கும் இடையே நடந்த சண்டையோ நேராகச் சாயங்காலத்தைப் பற்றியது. கிடாரியை எரிக்கும் ஆசாரியன் குளித்தபின் பொழுது சாயவும் காத்திருந்தவனாக இருக்க வேண்டும் என்றார்கள் சதுசேயர். குளித்தாலே போதும் என்றார்கள் பரிசேயர். அதை நிலைநாட்ட, எரிக்கப்போகிறவனை வேண்டுமென்றே தீட்டாக்கி, அங்கேயே முழுகவைத்து, பட்டப்பகலில் எரிக்கவைத்தார்கள் என்கிறது மிஷ்னா.

கி.பி. 70இல் ஆலயம் எரிந்தது. கிடாரியின் சாம்பல் தீர்ந்தபின் பிணத்தீட்டைக் கழிக்க வழியில்லாமல் போயிற்று; ஆசாரிய வம்சத்து யூதர்கள் இன்றும் கல்லறைத் தோட்டங்களுக்குள் போவதைத் தவிர்க்கிறார்கள். எருசலேமில் ஆலயமலைக்கு ஏறும் வழியில், அந்த இடத்தின் பரிசுத்தத்தின் பொருட்டு உள்ளே போவது தோராவின்படி தடை என்று இஸ்ரேலின் தலைமை ரபீக்களின் அறிவிப்புப் பலகை நிற்கிறது. கிடாரிச் சாம்பலைப் பற்றி யூதரல்லாத ஒருவர் ரபீ யோஹனான் பென் ஸக்காயிடம் இது சூனியம்போல் இருக்கிறதே என்று கேட்டாராம். அவருக்கு ஏற்ற ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டு, தன் சீடரிடம் அவர் சொன்னதாக மரபு காப்பாற்றி வைத்திருப்பது இது: பிணம் தீட்டாக்குவதும் இல்லை, தண்ணீர் சுத்தமாக்குவதும் இல்லை, இது ராஜாவின் கட்டளை, அவ்வளவுதான்.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் முதல் கேள்வி, மாலை ஜெபமான ‘ஷெமா’வை எந்த நேரத்திலிருந்து சொல்லலாம் என்பது. அதற்கு அது கடிகாரத்தையோ வானத்தையோ காட்டவில்லை. குளித்துவிட்டுப் பொழுது சாயக் காத்திருந்த ஆசாரியர்கள் தங்கள் பரிசுத்த உணவைச் சாப்பிட உள்ளே போகும் நேரத்திலிருந்து என்று பதில் சொல்கிறது.